கணவாய் தாண்டி வந்த மருந்து

கொல்லைப்பக்கம் வந்த எர்மெக் அப்படியே நின்றுவிட்டான். அவன் மனைவி சைகால், அப்பாவின் மூலிகைச் சாற்றை உருளைக்கிழங்குப் பாத்தியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

சைகால் திடுக்கிட்டுத் திரும்பினாள். புட்டியில் ஒரு சொட்டு மிச்சமில்லை.

நேற்றுத்தான் டொலோன் கணவாயைத் தாண்டிப் போய், ஏரிக்கரை வைத்தியர் வீட்டு வாசலில் காத்துக்கிடந்து வாங்கி வந்தான். அப்பா அஸ்கெர்பெக்குக்கு வயிற்றில் புற்றுநோய். முற்றிவிட்டது. நாரின் நகர ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறார்கள். 'ஊசியோட இந்த வேர்ச்சாறும் சேர்ந்தா உடம்பு தெம்பா நிக்கும்' என்று யாரோ சொன்னதிலிருந்து, வாரம் தவறாமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

"ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்டிப் போய் வாங்கிட்டு வர்றேன். நீ மண்ணுக்கு ஊத்துறியா? எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து?"

அவள் காலிப் புட்டிக்கு மூடியைப் போட்டுத் திருகினாள்.

சுடச்சுட ரொட்டி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அனார்குல், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"பெத்த மகளா இருந்தா மனசு வருமா? மருமகதானே! கிழவர் எப்ப கண்ணை மூடுவார்னு காத்திருக்கா போல."

"நல்லாக் கேளுங்கக்கா!" என்றான் எர்மெக்.

அந்த வார்த்தையில்தான் சைகாலுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"டாக்டரம்மா இதைக் குடிக்கவே கூடாதுன்னுட்டாங்க. அந்த ஊசிக்கும் இதுக்கும் ஒத்துக்காதாம். ஈரல் தாங்காதாம்."

"எப்ப சொன்னாங்க? எனக்குத் தெரியாம?"

"முதல் ஊசி போட்ட அன்னிக்கு. நீங்க சாறு வாங்கப் போயிருந்தீங்க."

அனார்குல் ரொட்டியை வேலிக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டு நழுவினாள்.

எர்மெக்குக்குக் காது மடல் சுட்டது. முதல் ஊசிக்கு மட்டுமா அவன் இல்லை? அப்பாவுக்கு உடம்பு துடைத்துவிடுவது, வாந்தியை அள்ளுவது எல்லாம் இவள்தான். அவன் அறை வாசலில் நின்று, 'அப்பா, சாறு வந்தாச்சு' என்று புட்டியை நீட்டுவதோடு சரி.

"அப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" குரல் இறங்கியிருந்தது.

"மாமா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

எர்மெக் உள்ளே போனான். அடுப்போரக் கட்டிலில் அப்பா விழித்துக்கொண்டுதான் கிடந்தார். இத்தனை சத்தத்தில் யார் தூங்க முடியும்? பக்கத்தில் உட்கார்ந்தான். இவ்வளவு கிட்டத்தில் அவர் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! கன்னம் இப்படி ஒட்டிப்போனதுகூட அவனுக்குத் தெரியாது.

"என்னப்பா இது? குடிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சும், 'சாறு தீரப்போகுது, போய் வாங்கிட்டு வா'ன்னு நீங்கதானே என்னை அனுப்புனீங்க?"

அஸ்கெர்பெக் மகனின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"என்னை இந்தக் கோலத்துல பார்க்க உனக்கு மனசு தாங்கலைப்பா. தினம் வாசல்லயே நின்னு தவிச்சே. வீட்டை விட்டு வெளியே போக உனக்கு ஒரு சாக்கு வேணும்ல?"