உதடு சேரும் எழுத்துகள்

"ப, ம ரெண்டும் இப்ப வேணாம் மேடம். அதைக் கடைசியா பாத்துக்கலாம்."

பேச்சுப் பயிற்சி தரும் அந்தப் பெண் கையுறையைக் கழற்றிக்கொண்டே அவனைப் பார்த்தார். "அந்த ரெண்டும்தான் சார் ஈஸி. உதடு சேர்ந்தா வந்துடும். நாக்கு மடியணும்னா கஷ்டம், அதனால 'ழ'வைத்தான் கடைசியா வச்சிருக்கேன். நீங்க தலைகீழா கேக்கறீங்க."

"பரவாயில்ல."

"அப்புறம் உங்களை எப்படி மாப்பிள்ளைன்னு கூப்பிடுவாங்க?" அவர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. "மெதுவாப் பேசுங்க சார். அவங்களுக்கு வாய்தான் கோணிப்போச்சு. காது பாம்புக் காது."

பாதி திறந்த கதவுக்கு அப்பால் அத்தை குழாயால் பஞ்சு உருண்டையை ஊதிக்கொண்டிருந்தார். அது மேஜையில் ஒரு விரற்கடை நகர்ந்து நின்றது.

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை அத்தைக்குப் பக்கவாதம். வியாழக்கிழமை, அவரைப் பார்க்க ஸ்கூட்டரில் கிளம்பிய மகள், அவன் மனைவி பொம்மி, லாரியில் அடிபட்டு இறந்தாள். அத்தைக்கு எந்த அதிர்ச்சியும் கூடாது என்றார் டாக்டர்.

"பொம்மியை ஆபீஸ்ல திடீர்னு வெளிநாடு அனுப்பிட்டாங்க, அத்தை" என்று சொல்லிவிட்டான். கேள்வி கேட்க வாயில்லாதவரிடம் பொய் சொல்வது சுலபமாக இருந்தது.

பேச்சு வந்தால் முதலில் மகளைத்தான் கேட்பார். பொம்மி என்ற பெயரோ முழுக்க உதட்டிலேயே இருந்தது.

"இன்னொண்ணு சார். பேர் சொல்லிப் பழக வீட்டு போட்டோ குடுத்தீங்கல்ல? மக போட்டோவை மட்டும் கவுத்து வச்சிடறாங்க. ஏதாவது சண்டையா?"

"போன்கூட பண்றதில்லன்னு கோபமா இருக்கும்."

"ஒரு நடை வந்துட்டுப் போகச் சொல்லுங்க. நீங்களும் கொஞ்சம் தூங்குங்க சார். அவங்களுக்குப் பாதி முகம்தான் அசையல. உங்களுக்கு முழுசுமே அசையல."

வீட்டுக்கு வந்ததும் அத்தை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கைக்கண்ணாடியோடு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். தினமும் நடப்பதுதான். பயிற்சிதானே என்று அவன் விட்டுவிட்டான்.

சாயங்காலம் கஞ்சியை மசித்து எடுத்துவந்தான். "உதட்டை மூடுங்க அத்தை. இடது பக்கமாத் தள்ளுங்க. முழுங்குங்க." வேளைக்கு வேளை இதே மூன்று வாக்கியங்கள். வாயோரம் வழிந்ததைத் துடைத்தான்.

நான்காவது கரண்டியில் அத்தை அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். நல்ல கையால் போட்டோக்களைத் துழாவி, கவிழ்ந்து கிடந்த ஒன்றை எடுத்து, தண்ணீர் டம்ளரில் சாய்த்து நிமிர்த்தி வைத்தார். பொம்மி சிரித்துக்கொண்டிருந்தாள்.

 அவனுக்குப் பொய் தயாராக வந்தது.

"அடுத்த மாசம் வந்துடுவா, அத்தை."

அத்தை இல்லையென்று தலையாட்டினார். மணிக்கட்டை விடவில்லை. உதடுகள் சேர்ந்தன. பிறகு, யாரும் சொல்லித் தராமலே, நாக்கு மெல்ல மடிந்தது.

"மாப்பிள்ளை... அழுதுடுங்க."