மருதப்பனின் சவரக்கத்திகள்

மருதப்பனுக்குப் பழைய சவரக்கத்திகளைச் சேர்ப்பதில் கொள்ளை ஆசை. சுங்கை ரோடு சந்தையில் தேடி வாங்குவார். நாளுக்கு ஒன்றால் சவரம் செய்துகொள்வார். 1954இல் அவர் இறந்தார். அதன் பிறகும் கெர்பாவ் ரோடு வீட்டில் காலைதோறும் ஏதாவது ஒரு கத்தி ஈரமாக இருந்தது. மனைவி அன்னம்மா அதைத் துடைத்து, எண்ணெய் தடவி, பெட்டியில் வைப்பாள். யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து அவள் தம்பி பாலகிருஷ்ணன் கத்திப் பெட்டியைக் காட்டி, "சும்மாதானே கிடக்கு, வித்துடலாம்லா அக்கா," என்றான்.

"வேணாம்டா. புழங்குற சாமான்."

தம்பி போனதும் அன்றைய கத்தியைத் துடைக்க எடுத்தாள். நுரையோடு ஒட்டியிருந்த முடித்துணுக்குகளில் பாதி வெள்ளை. சாகும்போது அவருக்கு முப்பத்தாறு வயது. தாடையில் ஒரு நரைகூடக் கிடையாது.

அன்னம்மா தன் வெளுத்த காதோரத்தைத் தடவியபடி, "உங்களுக்கும் நரைச்சிடுச்சா?" என்று சிரித்தாள்.