பெயர் கரையும் நீர்

கழிவுநீர் எந்த வீட்டிலிருந்து வருகிறது, அதில் யாருடைய மருந்து கலந்திருக்கிறது என்பதையெல்லாம் சுத்திகரிப்பு நிலையத்துக் கணினித் திரை சொல்லிவிடும். அருளப்பன் இறந்து இரண்டு மாதமாகியும் அவருடைய புற்றுநோய் மருந்து தினமும் காலையில் அவர் பெயரோடு திரையில் வந்துகொண்டிருந்தது. சுத்திகரிப்புக்கும் மிஞ்சிய அந்த மருந்தால் ஆற்றில் மீன்கள் செத்து மிதக்கவே, நிலையத்தில் வேலை பார்க்கும் பூங்கோதை அவர் வீட்டுக்குப் போனாள்.

அவர் மனைவி சவரியம்மாள் மறைக்கவில்லை.

"மிச்ச மாத்திரையக் கரைச்சு நான்தாம்மா ஊத்துதேன். நிறுத்திட்டா ஒங்க மெசின்ல அவரு பேரு அழிஞ்சு போயிரும்லா?"

பூங்கோதை மாத்திரைக்காகக் கையை நீட்டினாள். மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டுச் சவரியம்மாள் கேட்டாள்:

"ஆத்துல விடுததுக்கு முன்ன அவர முழுசா எடுத்துருவியளா?"

முழுசாக எடுப்பதுதான் பூங்கோதையின் வேலை. ஆனால் அதை அந்த அம்மாளிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.