வன்னிமைக் கதிரை

“இது மாமரத்தால விழுந்த காயம். அப்ப இவனுக்கு ஆறு வயசு,” என்று மீனம்மா அவனுடைய இடப் புருவத்தைத் தொட்டுக் காட்டினார். முற்றத்தில் நின்ற கோயில் சபைக்காரர் ஐந்து பேரும் குனிந்து பார்த்தார்கள்.

“சுமன்தான்,” என்றார் ஒருவர்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அது இராமேஸ்வரத்துக்குப் பக்கத்து அகதி முகாமில் கூரைத் தகரம் வெட்டிய காயம். அவனுடைய பெயரும் சுமன் அல்ல, கோகுலன். காயத்தைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. தாய்மனம் தானாக ஏதோ நினைத்துக்கொண்டது, தன் நல்ல காலம் என்றிருந்தான்.

முள்ளியவளைக்குக் கிட்டவுள்ள அந்த ஊரை ஒரு காலத்தில் ஆண்ட வன்னிமைக் குடும்பத்தின் கடைசி வாரிசு சுமன். வருசப் பொங்கலன்று கோயில் மண்டபத்தில் பழைய முதிரைமரக் கதிரையைப் போடுவார்கள். அந்த வம்சத்து ஆண் ஒருவன் அதில் உட்கார்ந்து முதல் மரியாதை வாங்க வேண்டும். குளத்துக்குக் கீழே உள்ள வயலும் கதிரையில் இருப்பவனுக்குத்தான். அன்று அந்தப் பொங்கல் நாள்.

சுமனின் தகப்பன் ஷெல் பட்டு இறந்துபோனார். சுமன் அதற்கு முன்பே, பத்து வயதில், மாமனோடு படகேறி இந்தியாவுக்குப் போனவன். பிறகு அவனை யாரும் காணவில்லை.

கோகுலனின் தகப்பன் இந்த ஊர்க் கூலியாள். வன்னிமை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற கதைகளை முகாமில் சொல்லிச் சொல்லியே செத்துப்போனார். நாடு திரும்பிய கோகுலனுக்குக் கால் வைக்க ஒரு துண்டு நிலம் இல்லை. மூன்று கிழமைக்கு முன்னர் மீனம்மாவின் படலையைத் திறந்துகொண்டு போய், “அம்மா, நான் சுமன்,” என்றான். செருப்பைக் கழற்றவில்லை.

அவர் அழவில்லை. இவ்வளவு காலமும் எங்கே இருந்தாய் என்று கேட்கவுமில்லை. கொஞ்ச நேரம் அவனையே பார்த்துவிட்டு, “கை காலைக் கழுவிப்போட்டு வா, சாப்பிடுவம்,” என்றார்.

சபைக்காரரில் சின்னராசா மட்டும் காயத்தைப் பார்க்காமல் அவன் கண்ணைப் பார்த்தார். அந்த வம்சத்தின் மற்றக் கிளைக்கு அவர்தான் தலைவர்.

“மச்சாள், முறை உங்களுக்குத் தெரியும். ஆளைக் காணேல்லை எண்டால் கதிரை காத்திருக்கும். ஆள் இருந்தும் வரமாட்டன் எண்டால் அது எங்கட பக்கம் வரும். பதினேழு வருசம் காத்தாச்சு, இந்த வருசத்தோட முடிவெடுக்க வேணும். அதுக்காக ஆரையும் கொண்டுவந்து அதில இருத்த ஏலாது. இரத்தம் ஒருக்கா சோதிச்சுப் பாப்பமே?”

“என்ர பிள்ளையை அடையாளம் காட்ட எனக்கு ஆஸ்பத்திரி வேண்டாம்.”

“அப்ப சரி. மேளம் துவங்கக் கூட்டிக்கொண்டு வாங்கோ,” என்றார் சின்னராசா. போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

கோகுலனுக்கு மூன்று கிழமையாக இருப்புக் கொள்ளவில்லை. நாய் குரைத்தால் படலையைப் பார்ப்பான். யாராவது “சுமன்” என்று கூப்பிட்டால் திரும்புவதற்கு ஒரு கணம் பிந்தும். பிந்தியது தெரிந்துவிட்டதோ என்று அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருப்பான். எல்லாவற்றையும் விட, மீனம்மா தன் பங்கு மீனையும் அவன் தட்டில் வைக்கிற நேரம்தான் பொறுக்க முடியாமலிருந்தது. பிள்ளையைத் தொலைத்த தாயை ஏமாற்றிச் சாப்பிடுகிற சோறு அது.

அறைக்குள் போய்ப் பட்டுவேட்டியைக் கட்டினான். கண்ணாடியில் பார்த்தான். அவிழ்த்தான். காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, வந்தபோது கொண்டுவந்த பையைத் தோளில் கொழுவினான். பத்தரை பஸ்ஸைப் பிடித்தால் வவுனியா. அதற்கப்பால் எங்கே என்று அவனுக்கே தெரியாது.

குசினிப் பக்கத்தால் இறங்கினான். மீனம்மா அங்கே அடுப்புக்குப் பக்கத்தில் நின்று தட்டில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். கோயிலில் மேளம் கேட்கத் தொடங்கியிருந்தது.

“எங்க போறாய்?”

அவன் பையை நிலத்தில் வைத்தான். “அம்மா, நான் சுமன் இல்லை. பொய் சொல்லிப்போட்டன். என்ர அப்பா உங்கட வயலில வேலை செய்தவர். உங்கட முகத்தைப் பார்த்துக்கொண்டு போய் அந்தக் கதிரையில இருக்க என்னால ஏலாது.”

மீனம்மா கடைசி வெற்றிலையின் காம்பைக் கிள்ளி எறிந்தார்.

“உன்ர பேர் என்ன?”

“கோகுலன்.”

“நல்ல பேர். இனி அதை ஒருத்தருக்கும் சொல்லாத. வேட்டியைக் கட்டிக்கொண்டு கெதியா வா.”

அவனுக்கு விளங்கவில்லை. “உங்கட பிள்ளை உயிரோட இருக்கிறானோ இல்லையோ எண்டு தவிச்சுக்கொண்டு இருக்கிறியள். உங்களை நான் இப்பிடி ஏமாத்தினது...”

மீனம்மா குசினிக் கதவைச் சாத்தினார். தட்டை அவன் கையில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சுமன் இண்டைக்குக் காலமையும் கனடாவில இருந்து கதைச்சவன், வரமாட்டானாம்.”