காய்ச்சலுக்கு வந்த பஞ்சம்

உடம்பில் காய்ச்சல் இல்லை என்று சொன்னதும் பூமயில் அழத் தொடங்கினாள்.

நர்ஸ் ஜோதிமேரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தனுஷ்கோடியில் இலங்கைக் கப்பல் ஏறப் போகிறவர்களை, நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நாள் அடைத்து வைக்கும் முகாம் அது. காய்ச்சல் வந்துவிடக் கூடாதே என்று மற்றவர்கள் வேண்டாத தெய்வமில்லை.

"நாளைக்கு உன்னயக் கப்பலுக்கு அனுப்பிருவாக. இதுக்குப் போயி அழுகுறியே?"

"எப்படியாச்சும் நூத்திரெண்டுன்னு எழுதிருங்க நர்ஸம்மா," என்றாள் பூமயில். அழுதுகொண்டே தர்மாமீட்டரை வாங்கி, மணிக்கட்டைச் சொடுக்கி இரண்டு உதறு உதறி, பாதரசத்தை இறக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் ஜோதிமேரி இல்லை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஆறு மாதமாகிவிட்டது. அவளுக்கு ஒரு நாள் லீவு வந்தபாடில்லை. நின்றபடியே தூங்கினாள். விழித்தால் காரணமில்லாமல் அழுகை வந்தது. இப்படியே போனால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்து லீவு கேட்டபோது, பெரிய டாக்டர் அவளை நிற்க வைத்து அரை மணி நேரம் மனத்திடம் பற்றிப் பேசினார். பாவம் மகராசன், பேசிய களைப்பில் மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார்.

பூமயிலுக்காகப் பொய் எழுதவும் வழியில்லை. காய்ச்சல் என்று எழுதினால் அவளைக் கடலோரத் தனி ஷெட்டில் இன்னும் ஐந்து நாள் போட்டுவிடுவார்கள். தொட்டுப் பார்த்த நர்ஸையும் கூடவே வைத்துப் பூட்ட வேண்டும் என்பது டாக்டர் போன வாரம் போட்ட உத்தரவு. அவர் மட்டும் பத்தடி தள்ளி நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு விசாரிப்பார். அவருக்கு மனத்திடம் அதிகம்.

இலங்கைக்குப் போனால் அங்கே தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் புருஷன் அடிப்பானோ என்று ஜோதிமேரி மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

பூமயில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புருசனும் இல்ல, தோட்டமும் இல்ல. நானும் ஒன்னய மாதிரி நர்ஸுதான் தங்கச்சி. எங்க ஆஸ்பத்திரியில லீவு குடுக்க மாட்டேன்னுட்டாக. சர்க்காரே புடிச்சு அடைச்சு வச்சா யாரு கேக்க முடியும்? அதான் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துட்டு வந்தேன். நாலு வருசத்துல நான் தூக்கம்னு தூங்குனது இங்கனதான்."

ஜோதிமேரி பேனாவைத் திறந்தாள். சீட்டில் நூற்றிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் காவல்காரர் முனியசாமி இருவரையும் கடலோர ஷெட்டுக்குள் விட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போனார். தன்னால் இந்தப் பெண்ணுக்கும் சிறைவாசம் வந்துவிட்டதே என்று பூமயிலுக்கு மனசு கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள்.

ஜோதிமேரி செருப்பைக் கழற்றி மூலையில் எறிந்தாள்.

"பேசாமத் தள்ளிப் படுங்கக்கா."