ராஜா காசு வேண்டாம்

“என்ன மேடம், இன்னிக்கும் பீர் கேன் மூடிதானா? சேர்த்து வெச்சா ஒரு கடையே போடலாம்!” என்றார் நெவில்.

ஹெஸ்டர் நிமிரவில்லை. ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கி, “நீங்க சேர்த்து வெச்சிருக்கிற மூடிக் கடைக்குப் போட்டியா திறக்கிற துணிச்சல் எனக்கு ஏதுங்க?” என்றாள்.

இங்கிலாந்தின் சஃபோக்கில் பார்லி அறுத்து முடித்த வயல் அது. மண்ணுக்குள் பழங்காசு தேடும் மெட்டல் டிடெக்டர் சங்கத்தார் மொத்தப் பேரும் ஆற்றோரம் நகர்ந்துவிட்டார்கள். இந்த இருவரும் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் நழுவிவிடுவது வழக்கம். நெவில் இருபது வருடமாக மண்ணைக் கிளறுகிறவர். ஹெஸ்டர் இந்த வருடம்தான் சேர்ந்தாள்.

அவளுடைய கருவி கீச்சிட்டது. மண்டியிட்டுத் தோண்டினாள். மண்கட்டிக்குள் நகத்தளவில் ஒரு மெல்லிய வெள்ளித் துண்டு.

“தேய்க்காதீங்க! தேய்க்காதீங்க!” அலறிக்கொண்டே ஓடி வந்தார் நெவில்.

ஒரு பக்கம் கிரீடம் வைத்த முகம். மறுபக்கம் நீளச் சிலுவை. அவர் குனிந்து உற்றுப் பார்த்தார்.

“முதலாம் எட்வர்டு ராஜா! சுத்தியலால அடிச்ச காசு. எழுநூறு வருஷம் ஆச்சு! இத்தனை நாளா என் கண்ணுல ஒண்ணாவது பட்டுச்சா?”

“செத்த ராஜாவுக்குக்கூட உங்களைப் பிடிக்கல போல.”

“குத்துங்க, நல்லா குத்துங்க. நேத்து வந்தவங்களுக்குத்தானே யோகம்!”

ஹெஸ்டர் காசை இன்னொரு தடவை பார்த்தாள். அவள் முகம் தொங்கிப்போயிற்று. அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“வயலோட சொந்தக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு நீங்களே வெச்சுக்கங்க.”

சொல்லிவிட்டு மறுபடி கருவியை ஆட்டியபடி நடந்தாள்.

“என்ன, நக்கலா?”

“இல்ல.”

“ராஜா காசே வேணாமா? அப்போ எந்தப் புதையலுக்காக வாராவாரம் இந்த ஒரே வயலைச் சுத்திச் சுத்தி வர்றீங்க?”

ஹெஸ்டர் நின்றாள். திரும்பாமலே பேசினாள்.

“ஞாயித்துக்கிழமையானா இந்த மண்ணுதானே உனக்குப் பொண்டாட்டின்னு கத்திட்டு, போன வருஷம் இங்க நின்னு உன் மூஞ்சியில விட்டெறிஞ்சுட்டுப் பிரிஞ்சு போனேனே, நம்ம கல்யாண மோதிரம்... அதைத்தான் தேடறேன். போதுமா?”

நெவில் அவள் எதிரே வந்து நின்றார். கோட்டின் உள்பைக்குள் துழாவினார். மோதிரத்தை எடுத்து நீட்டினார்.

“நீ எறிஞ்ச அன்னிக்கே எடுத்துட்டேன் ஹெஸ்டர். சொல்லியிருந்தா, ஞாயித்துக்கிழமை நீ இந்தப் பக்கம் வந்திருப்பியா?”