பட்டினிச் சாவு

"எல்லாம் செத்துப் போச்சோ? ஒண்டுகூட மிஞ்சேல்லையோ?"

வேலிக்கு அந்தப் பக்கம் வதனி கைபேசியில் கேட்டதும், பரிமளத்தின் கையிலிருந்த ஈரத்துணி கொடியில் ஏறாமல் நின்றது. பரிமளம் அந்த ஒழுங்கைத் தெருவுக்குக் குடிவந்து பத்து நாள்தான்.

"பட்டினியாலையோ? தங்கச்சி, உன்ரை வாய்க்குச் சர்க்கரை போடோணும்!"

வதனி வீட்டுக்குள் பார்த்துக் கத்தினாள். "இஞ்சருங்கோ, எல்லாம் பசியிலை செத்திட்டுதாம்! பாயாசத்துக்கு அடுப்பை மூட்டுங்கோ!"

ஆடோ கோழியோ, உயிர் உயிர்தானே? பரிமளத்துக்குப் பொறுக்கவில்லை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"வளர்த்த சீவனைப் பட்டினி போட்டுச் சாக விட்டிட்டு, பாயாசமோ அக்கா?"

வதனி சிரித்தபடி தன் கிணற்றடிக்குப் போனாள். ஏழு வருடம் பூட்டிக் கிடந்த கிணற்று மூடியைத் திறந்து, ஒரு வாளி அள்ளி, செம்பில் ஊற்றி மடமடவென்று குடித்தாள்.

"ஐயோ, அது நஞ்சுத் தண்ணியெல்லோ!"

"நஞ்சாய்த்தான் இருந்தது. பக்கத்து வாகன வேர்க்சொப்காரர் இரும்பிலை கிறீஸ் கழுவுற மருந்தை நிலத்திலை ஊத்தினவை. அதைத் தின்னுற பக்டீரியாவைக் கம்பஸிலை படிக்கிற பிள்ளையள் ரண்டு வருசத்துக்கு முந்தி நிலத்துக்குள்ளை விட்டவை. இப்ப தின்ன மருந்தில்லாமல் அதுகள் செத்துப் போச்சு. தண்ணியைப் பரிசோதிச்சுப் போட்டு, குடிக்கலாமெண்டு அதிலை ஒருத்தி இப்பதான் போனிலை சொன்னவள்."

பரிமளம் தன் வீட்டுக் கிணற்றைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, எங்கடையிலை?"

"ஒழுங்கை முழுக்கச் செத்துப் போச்சு!"

ஈரத்துணியைக் கொடியில் எறிந்துவிட்டுப் பரிமளம் குசினிக்கு ஓடினாள்.

"நில்லுங்கோ அக்கா, பாயாசத்துக்கு என்ரை சவ்வரிசியையும் போடுங்கோ!"